இணைய உலாவிக்கு ஒரு காவல்

கோலார் தங்கவயலின் வரலாற்றில் 1930-ஆம் ஆண்டு மறக்கத்தகாத ஆண்டு. மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களில் அந்நாளில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய ஏழை மக்கள். தொழிலாளர்களைப் புதிதாகப் பதிவு செய்து, ஒவ்வொருவருடைய கைரேகையையும் எடுத்து வைக்கும் ஏற்பாடு ஒன்று அவ்வாண்டில் கொண்டுவரப்பட்டது. தொழிலாளர் அதற்கு இணங்க மறுத்தனர். ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்காது வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தின் பின்னணியில் வேறு குறைகளும் இருந்தன. எனினும் அதனை மூட்டிவிட்ட பொறி கைரேகையே.

எழுத்தறிவு அதிகம் இல்லாத அம்மக்கள் கேட்ட கேள்வியை நாம் இப்படிச் சுருக்கிச் சொல்லலாம்: எம்முடைய உழைப்பை விலைக்கு வாங்குகிறீர்கள், அது ஒப்பந்தம். எம்முடைய அடையாளத்தையும் எடுத்து உம்மிடம் வைத்துக்கொள்ள யார் இசைவு தந்தார்கள்? இக்கேள்வி ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் பழையதாகிவிடவில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளுக்கும் அதுவே வாயில்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு மண்மேடுகள் மட்டும் மலைகள்போல் நிற்கின்றன. சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரர்களும் பிழைப்பை நாடி மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்குச் செல்கின்றனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். அந்நேரத்தில் பெரும்பாலோர் கையில் இருப்பது மொபைல். ஒருவர் செய்தி படிக்கிறார். ஒருவர் வேலைவாய்ப்பு விளம்பரம் தேடுகிறார். வீட்டிலிருக்கும் முதியவருக்காக மருந்தின் பெயரைத் தேடுபவரும் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் அப்பொழுதே ஒருவகைக் கைரேகை எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டு எடுப்பதில்லை, எடுத்தபின் சொல்வதும் இல்லை. ஆதலின் மறுப்பதற்கும் இடமில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இணையப் பக்கங்களை நமக்குத் திறந்து காட்டும் கருவிக்கு உலாவி, அதாவது பிரௌசர், என்று பெயர். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் என்பன யாவும் உலாவிகளே. நாம் ஒரு செய்தித் தளத்தின் பக்கத்தைத் திறக்கும்போது அத்தளத்தோடு மட்டும் பேசுவதாக எண்ணுகிறோம். உண்மை வேறு. அப்பக்கத்தில் செய்தியோடு பிற நிறுவனங்களின் சிறு நிரல்களும் புதைந்துள்ளன. பக்கம் திறந்தவுடன் நம் உலாவி, நாம் பெயரும் அறியாத பல கணினிகளுக்குத் தானாகவே செய்தி அனுப்புகிறது. இன்ன பக்கத்தை இன்ன நேரத்தில் இன்ன கருவியில் ஒருவர் திறந்திருக்கிறார் என்பது அச்செய்தியின் சாரம். நம் கண்முன் எந்த விளம்பரத்தை வைப்பது என்பதற்கு ஓர் ஏலம், பக்கம் முழுதும் தோன்றுமுன்னரே, கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது.

இவ்வாறு பின்தொடரும் நிரல்களை டிராக்கர் என்பர். இவை பயன்படுத்தும் பழைய கருவி குக்கீ. 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்பவர் குக்கீயை உருவாக்கினார். கடையில் நாம் எடுத்த பொருள்களை அடுத்த பக்கத்திலும் நினைவு வைத்திருப்பது போன்ற நல்ல பயனுக்கே அது பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹாட்வயர்டு என்னும் இணைய இதழ் பதாகை விளம்பரங்களை வெளியிடத் தொடங்கியது. குக்கீயும் விளம்பரமும் பின்னர்க் கைகோத்துக்கொண்டன. ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் ஆயிரம் தளங்களில் இருக்குமாயின், அந்த ஆயிரம் தளங்களிலும் நாம் சென்ற தடம் ஒரே ஏட்டில் சேர்ந்துவிடும்.

மற்றொரு முறை இதனினும் நுட்பமானது. அதன் ஆங்கிலப் பெயருக்கே கைரேகை எடுத்தல் என்பதுதான் பொருள். திரையின் அளவு, கருவியிலுள்ள எழுத்துருக்கள், மொழி அமைப்பு, நேர மண்டலம், உலாவியின் பதிப்பு முதலியவற்றைத் தனித்தனியே நோக்கின் அவை அற்பமானவை. ஒன்றாகச் சேர்த்தால் அவையே ஓர் அடையாளமாகிவிடுகின்றன. அமெரிக்காவிலுள்ள எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் பொதுநல அமைப்பு 2010-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,70,000 உலாவிகளைச் சோதித்தது. அவற்றுள் 83.6 விழுக்காடு, வேறெதனோடும் ஒவ்வாத தனி அடையாளம் உடையனவாக இருந்தன. குக்கீயை அழித்துவிடலாம், இந்த ரேகையை அழிப்பது எளிதன்று. தமிழில் மொழி அமைப்பை வைத்துக்கொள்வதும் அந்த ரேகையில் ஒரு கோடாகும். அதற்காகத் தாய்மொழியைக் கைவிட வேண்டுவதில்லை. ரேகை எடுக்க வருபவனை வாயிலிலேயே நிறுத்துவதே முறை.

இதனால் நமக்கு நேரும் கேடு யாது என்று சிலர் வினவுவர். மூன்று கேடுகள் உண்டு. முதலாவது பொருட்செலவு. விளம்பரப் படங்களும் காணொளிகளும் நாம் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில்தான் வந்து இறங்குகின்றன. பழைய மொபைல்களில் பக்கம் மெதுவாகத் திறப்பதற்கும் அவை பெரிதும் காரணமாகின்றன. இரண்டாவது, நோயும் கடனும் வேலையின்மையும் போன்ற அந்தரங்கச் செய்திகள் வணிகச் சரக்காகிவிடுவது. மூன்றாவது வஞ்சகம். வங்கியின் பெயரைத் தேடுபொறியில் இட்டால், உண்மையான வங்கித் தளத்துக்கு மேலே, அதனைப்போலவே தோற்றமளிக்கும் போலித் தளத்தின் விளம்பரம் தோன்றக்கூடும். அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தகைய மோசடி பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்றும் அது அறிவுரை கூறியது. ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒரு முதியவர்க்கு இந்த மூன்றாவது கேடு வாழ்நாள் சேமிப்பையே விழுங்கிவிடும்.

நோய் இது. மருந்து யாது? உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணைநிரல்கள் உண்டு. அவற்றை நீட்சி என்றும் எக்ஸ்டென்ஷன் என்றும் கூறுவர். விளம்பரத்தையும் டிராக்கரையும் தடுக்கும் நீட்சிகளின் வேலைமுறை எளியது. எந்தெந்த முகவரிகள் விளம்பரத்துக்கும் உளவுக்கும் உரியவை என்பதைத் தன்னார்வலர்கள் தொகுத்துப் பட்டியல்களாக வைத்திருக்கின்றனர். ஈஸிலிஸ்ட் என்பது விளம்பரங்களுக்கும், ஈஸிபிரைவசி என்பது டிராக்கர்களுக்கும் உரிய பட்டியல்கள். உலாவி வெளியே அனுப்பவிருக்கும் ஒவ்வொரு வேண்டுகோளும் இப்பட்டியலோடு ஒப்பிடப்படும். பெயர் இருந்தால் வேண்டுகோள் புறப்படுமுன்னரே நிறுத்தப்படும். வந்ததை மறைப்பதன்று இது; வரவொட்டாமல் தடுப்பது. ஆதலின் டேட்டாவும் மிஞ்சுகிறது, தடமும் பதிவதில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். காவலனை அமர்த்துபவன் காவலனையே முதலில் ஆராய வேண்டும். விளம்பரத்தைத் தடுக்கும் நீட்சி, நாம் காணும் பக்கங்களையெல்லாம் தானும் காணும் அதிகாரத்தைக் கேட்கிறது. எல்லாத் தளங்களிலும் உள்ள தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும் என்னும் அறிவிப்பு அதனைத்தான் குறிக்கிறது. பெட்டிச் சாவியை நம்பியவரிடம் கொடுக்கலாம், வழிப்போக்கரிடம் கொடுக்கலாகாது. நானோ ஆட்பிளாக்கர் என்னும் நீட்சியின் வரலாறு இதற்குச் சான்று. நற்பெயர் பெற்றிருந்த அந்த நீட்சியை அதன் ஆசிரியர் 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் வேறு சிலருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அதனுள் தீய நிரலைப் புகுத்தினர். காவலனே கன்னக்கோல் வைத்த கதையாயிற்று. குரோம் கடையிலிருந்து அது பின்னர் நீக்கப்பட்டது.

ஆகவே நீட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இதனை ஆக்கியவர் யார்? இதன் மூலநிரல் எல்லோரும் பார்க்கத்தக்கவாறு வெளியிடப்பட்டுள்ளதா? தன் வேலைக்கு வேண்டிய அளவுக்குமேல் அனுமதி கேட்கிறதா? இதனை நடத்துவோர்க்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? நான்காம் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆட்பிளாக் பிளஸ் என்னும் புகழ்பெற்ற நீட்சி, ஏற்கத்தக்க விளம்பரங்கள் என்ற பெயரில் சில விளம்பரங்களை விட்டுவிடும் முறையை 2011-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்காகப் பெரிய நிறுவனங்களிடம் கட்டணமும் பெறப்படுகிறது. இதனை அவர்கள் மறைக்கவில்லை. வேண்டாதவர் அந்த அமைப்பை அணைத்துவிடவும் முடியும். எனினும் வாயிற்காவலனுக்கு உள்ளே வருபவனே ஊதியம் தருகிறான் என்பதை அறிந்து தேர்ந்தெடுப்பது வேறு. அறியாமல் தேர்ந்தெடுப்பது வேறு.

இந்நான்கு கேள்விகளுக்கும் நிறைவான விடை தருவது யூபிளாக் ஆரிஜின் என்னும் நீட்சி. ரேமண்ட் ஹில் என்பவர் 2014-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். இது கட்டற்ற மென்பொருள், விலை இல்லை, நன்கொடையும் கேட்பதில்லை. இங்கே பெயர் மயக்கம் ஒன்று உண்டு. ஆரிஜின் என்ற சொல் இல்லாத, யூபிளாக் என்று மட்டும் பெயர் கொண்ட நீட்சி வேறொருவர் கைக்குச் சென்றது. ஆதலின் முழுப் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சரிபார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். முன்சொன்ன ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனார் 2014-இல் வெளியிட்ட பிரைவசி பேட்ஜர் மற்றொரு நம்பகமான நீட்சி. அது விளம்பரத்தைப் பொருட்படுத்துவதில்லை. உளவு பார்ப்பதை மட்டும் தடுக்கும். விளம்பரம் இருக்கட்டும், வேவு மட்டும் வேண்டாம் என்று எண்ணுபவர்க்கு அது ஏற்றது.

இனி, எந்த உலாவி என்பதும் கருதத்தக்கது. குரோம் உலாவியை ஆக்கும் கூகிள் நிறுவனத்தின் பெருவருமானம் விளம்பரத்தினால் வருவது. நீட்சிகளுக்கான விதிகளை அந்நிறுவனம் மாற்றியமைத்து, பழைய விதிப்படி அமைந்த நீட்சிகளை 2024, 2025-ஆம் ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்திவிட்டது. முன்னர் ஒவ்வொரு வேண்டுகோளையும் நீட்சியே நேரில் ஆராய்ந்து தடுக்கலாம். புதிய விதிப்படி, நீட்சி தன் பட்டியலை உலாவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தடுப்பது உலாவியின் பொறுப்பு. பாதுகாப்புக்கும் வேகத்துக்குமே இம்மாற்றம் என்று கூகிள் கூறுகிறது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. நானோ ஆட்பிளாக்கரின் கதையைச் சற்றுமுன் கண்டோம். ஆயினும் இம்மாற்றத்தால் யூபிளாக் ஆரிஜின் முழுவடிவில் குரோமில் இயங்க இயலாமற் போயிற்று. யூபிளாக் ஆரிஜின் லைட் என்னும் எளிய வடிவமே அங்கு இயங்கும். ஃபயர்ஃபாக்ஸில் முழுவடிவம் இயங்குகிறது.

நம் நாட்டில் மிகப் பலர் பயன்படுத்துவது ஆண்ட்ராய்டு மொபைல். அதிலுள்ள குரோமில் நீட்சிகளைச் சேர்க்கவே இடமில்லை. எனவே மொபைலில் பிளே ஸ்டோரிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை இறக்கிக்கொள்வதே முதற்படி. அதனைத் திறந்து, மூன்று புள்ளிகள் அல்லது மூன்று கோடுகள் உள்ள பட்டியைத் தொட்டு, எக்ஸ்டென்ஷன்ஸ் என்னும் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கு யூபிளாக் ஆரிஜின் பெயரைத் தேர்ந்து, சேர்க்கும் பொத்தானைத் தொட்டால், அனுமதி கேட்கும் அறிவிப்பு தோன்றும். அதனைப் படித்து இசைவு தரலாம். பின்னர் மொபைலின் அமைப்புகளில் ஃபயர்ஃபாக்ஸை முதன்மை உலாவியாக மாற்றிவிட வேண்டும். இதனை மறந்தால், வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடும்போதெல்லாம் பழைய உலாவியே திறக்கும். காவலனை அமர்த்திவிட்டு வேறு வாயிலால் போய்வருவதுபோல் ஆகும்.

சேர்த்த பின் பெரும்பாலும் வேறொன்றும் செய்ய வேண்டுவதில்லை. முன்சொன்ன ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி ஆகிய இரண்டும் முதலிலிருந்தே செயற்படும். தமிழ், கன்னடத் தளங்களை மிகுதியாகப் படிப்பவர் ஒன்று செய்யலாம். நீட்சியின் அமைப்புகளில் வடிகட்டிப் பட்டியல்கள் என்னும் பகுதியைத் திறந்தால், நாடுகளுக்கும் மொழிகளுக்கும் உரிய பிரிவு இருக்கும். அங்கு இந்தியாவுக்கான பட்டியலைக் குறியிட்டு, மாற்றத்தை ஏற்கச் செய்தால் போதும். எல்லாப் பட்டியல்களையும் ஆசைப்பட்டுக் குறியிடலாகாது. பட்டியல் மிகுந்தால் பழைய மொபைல் தளரும். நல்ல பக்கங்களும் குலையும். ஃபயர்ஃபாக்ஸிலேயே டிராக்கர் தடுப்பு 2019-ஆம் ஆண்டு முதல் இயல்பாகச் சேர்ந்திருக்கிறது. அமைப்புகளில் அதனைக் கடுமையான நிலைக்கு மாற்றிக்கொள்ளவும் கூடும்.

கணினியில் குரோமையே விட்டுவிட இயலாதவர், குரோம் கடையிலிருந்து யூபிளாக் ஆரிஜின் லைட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் அடிப்படை முதல் முழுமை வரை படிகள் உண்டு. மேற்படிக்குச் செல்லச் செல்ல அதற்கு அதிக அனுமதி வேண்டும். ஐபோன் உடையவர்க்குச் சஃபாரி உலாவியில் தடுப்பான்களைச் சேர்க்கும் வசதி 2015-ஆம் ஆண்டு முதல் உண்டு. பிரேவ் என்னும் உலாவியில் தடுக்கும் ஆற்றல் உள்ளேயே அமைந்திருக்கிறது. எதுவாயினும் விளம்பரத் தடுப்பான் ஒன்றே போதும். இரண்டு மூன்றைச் சேர்த்தால் ஒன்றோடொன்று முட்டும். மேலும், சில நீட்சிகள் பக்கத்தில் செய்யும் மாற்றங்களே கைரேகையில் புதிய கோடுகளாகிவிடக் கூடும்.

சில வேளைகளில் ஒரு பக்கம் சரிவரத் திறவாது போகும். பணம் செலுத்தும் பக்கம் நின்றுவிடும். விண்ணப்பத்தில் பொத்தான் தோன்றாது. அப்பொழுது நீட்சியையே நீக்கிவிடுவது பலர் செய்யும் பிழை. நீட்சியைத் திறந்து, அதிலுள்ள மின்பொத்தான் வடிவத்தைத் தொட்டால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுப்பு நிற்கும். பக்கத்தை மீண்டும் ஏற்றி, வேலை முடிந்தபின் திரும்பத் தொட்டுவிடலாம். அத்தளம் உண்மையானதுதானா என்பதை முகவரியைப் பார்த்து உறுதி செய்த பின்னரே இவ்வாறு விலக்களித்தல் வேண்டும்.

விளம்பரத்தைத் தடுப்பது அறமாகுமா என்று ஒரு வினா எழுவது இயற்கை. பத்திரிகைகள் விளம்பர வருவாயினால் உயிர் வாழ்கின்றன. சிறு தமிழ்த் தளங்கள் பலவும் அவ்வாறே. இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆனால் அச்சிட்ட நாளிதழில் வரும் துணிக்கடை விளம்பரம், படிப்பவர் வேறென்ன படிக்கிறார், எங்கே வசிக்கிறார் என்று பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதில்லை. எதிர்ப்பு விளம்பரத்துக்கன்று, வேவுக்கு. நாம் மதிக்கும் தளம் ஒன்று இருக்குமாயின் முன்சொன்ன பொத்தானைக் கொண்டு அதற்கு விலக்களிக்கலாம்; இயன்றால் சந்தா செலுத்தலாம். இசைந்து கொடுப்பது ஈகை. கேளாமல் எடுப்பது களவு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இசைவு ஒன்றே.

இந்த இசைவு என்னும் கருத்துக்கு நம் நாட்டுச் சட்டத்திலும் இடம் கிடைத்திருக்கிறது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆதார் திட்டத்தை எதிர்த்து எழுந்த வழக்கு அது. அங்கும் கைரேகை வந்து நிற்பதைக் காண்கிறோம். 2023-ஆம் ஆண்டில் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டம் துணை நிற்கும். எனினும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் சட்டம் வந்து தாழிடாது.

நீட்சியின் எல்லையையும் மறவாது சொல்லிவிட வேண்டும். உலாவிக்கு உள்ளே நடப்பதை மட்டுமே அது காக்கும். மொபைலிலுள்ள தனிச் செயலிகள் எடுக்கும் தகவலை அது தடுக்காது. ஒரு தளத்தில் நாமே பெயர் கொடுத்து உள்நுழைந்தபின் அத்தளம் அறிந்துகொள்வதையும் தடுக்க இயலாது. தொலைபேசியில் அழைத்து ஓ.டி.பி. கேட்பவனிடமிருந்து நம்மைக் காக்க எந்த நீட்சியாலும் ஆகாது. வங்கியின் முகவரியைத் தேடுபொறியில் தேடாமல் தாமே தட்டச்சு செய்வது இன்றும் சிறந்த பழக்கம்.

செய்த காவல் பயன் தருகிறதா என்று அறிய விரும்புவோர், ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனார் நடத்தும் கவர் யுவர் டிராக்ஸ் என்னும் தளத்தில் தம் உலாவியை விலையின்றிச் சோதித்துப் பார்க்கலாம். நீட்சியைச் சேர்க்குமுன் ஒரு முறையும் சேர்த்தபின் ஒரு முறையும் சோதித்தால் வேற்றுமை விளங்கும். முழுமையான மறைவு கிட்டிவிட்டதென்று அது சொல்லாது. சொல்லினும் நம்பத்தகாது.

இவற்றையெல்லாம் செய்துமுடிக்க ஆகும் நேரம் பத்து நிமிடம். மாரிக்குப்பத்தில் ஏறியவர் பங்காரப்பேட்டை வருமுன் செய்துவிடலாம். தமக்குச் செய்தவர் வீடு திரும்பியதும் தாய் தந்தையரின் மொபைலிலும் செய்து கொடுப்பாராயின் அது பேருதவியாகும். போலி விளம்பரத்துக்கு முதலில் ஏமாறுபவர் பெரும்பாலும் அவர்களே. 1930-இல் கைரேகைக்கு மறுப்புச் சொல்வதற்கு அம்மக்கள் கூலியை இழந்து பட்டினி கிடக்க நேர்ந்தது. இன்று அதே மறுப்பைச் சொல்ல ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். அவ்வளவு மலிவாகக் கிடைக்கும் உரிமையை நாம் பயன்படுத்தாது விடலாகாது.